சிலிபினில் சத்தம் குறைந்த ரேடியோ

அத்தியாயம் 6

ஒரே ரேடியோ மூன்றாவது முறையாக ரிப்பேருக்கு வந்தால் ரேடியோக்காரனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். பிச்சைமுத்துவுக்கும் வந்தது. வந்த கோபத்தை ஒரு வாய் கோப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, மேஜைமேல் இறக்கி வைக்கப்பட்ட அந்த இரட்டை ஸ்பீக்கர் கேசட் ரேடியோவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"வா தாயி, வா. கல்யாணமாகிப் போன பொண்ணுகூட பொறந்த வீட்டுக்கு இத்தனை தடவை வராது லா."

ரேடியோவை இடுப்பில் சுமந்துகொண்டு வந்த நவமணி சிரிக்கவில்லை. வேர்த்திருந்தாள். நெற்றியில் இருந்த பெரிய குங்குமப் பொட்டு வேர்வையில் லேசாகக் கலைந்திருந்தது.

"மறுபடியும் சத்தம் குறைஞ்சிருச்சுண்ணே. முழுசா திருப்பி வச்சாலும் முனகுது."

"ராமையா அண்ணன் வரலையா? நீயா தூக்கிட்டு வந்த?"

"அண்ணன் லாரிக் கொட்டாய்க்குப் போயிருச்சு. நானே தூக்கிட்டு வந்துட்டேன்."

மூலை நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தாளை மடித்தார். அவர்தான் அருளம்பலம். போலீஸ் இலாகாவில் கோப்பு தூக்கியே தலை நரைத்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். இப்போது மலாயாவின் சிலிபின் ஊர்க் கடைவரிசையில், பிச்சைமுத்துவின் ரேடியோ கடைக்கு நேர் மாடியில், துப்பறியும் நிலையம் நடத்துகிறார். மேலே கேஸ் வந்தால் பிச்சைமுத்து கடையைச் சாத்திவிட்டு அவருக்கு உதவியாளன் ஆகிவிடுவான். கேஸ் வராவிட்டால் அவர் கீழே வந்து அவனுடைய நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். நாற்காலியின் குழியைப் பார்த்தால் மாடியில் தொழில் எப்படி என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம், துப்பறியத் தேவையில்லை.

நவமணி அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் செய்தித்தாளைத் திரும்ப விரிக்கலாமா என்று பார்த்தார். காரணம் இருந்தது. மாடியில் இப்போதைக்கு இருக்கும் ஒரே கேஸ் அவளுடையது. அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

கேஸ் இதுதான். அவளுடைய புருஷன் பத்துமலை காணாமல் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவன் அவளுடைய அண்ணன் ராமையா ஓட்டும் லாரியில் கிளிண்டானாக, அதாவது கூடப் போய் ஏற்றி இறக்கி உதவும் ஆளாக, வேலை பார்த்தான். ராமையாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று பேரும் ஒரே வீடு. ஒருநாள் ராமையா மட்டும் லாரியை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தான். "மச்சான் சுங்கை சிப்புட்டுல இறங்கிட்டாரு. சிங்கப்பூர்ல வேலை இருக்காம். போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்றேன்னாரு." அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. அருளம்பலம் பஸ் நிலையத்தில் விசாரித்தார், ஜொகூரில் ஆள் வைத்து விசாரித்தார், சிங்கப்பூரில் தெரிந்தவர்களிடம் கேட்டார். பத்துமலை எந்த பஸ்ஸிலும் ஏறியதாகத் தெரியவில்லை. ஆனால் சிலிபின் சனங்களுக்கு அவர் அளவுக்குக்கூட விசாரணை தேவைப்படவில்லை. சிங்கப்பூரில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெருவே ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"அவருக்குப் பாட்டு சத்தமா வச்சாத்தான் பிடிக்கும்," என்றாள் நவமணி, ரேடியோவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே. "சந்து முனையில வாரப்பவே நம்ம வீட்டுப் பாட்டு கேக்கணும்பாரு. அதான் தெனமும் வைக்கிறேன். நல்லாத் தொறந்து பாருங்கண்ணே. இந்தத் தடவை நல்லாத் தொறந்து பாருங்க."

"பாத்துடுவோம்."

"என்னா இருந்தாலும் எங்க அண்ணன்கிட்டயே சொல்லிருங்க."

அவள் சந்து திரும்பும் வரை பிச்சைமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

"என்ன காணும்?" என்றார் அருளம்பலம்.

"போன வாட்டி ராமையா ரேடியோவ எடுக்க வந்தப்ப இந்தப் பொண்ணும் கூட வந்துச்சு ஐயா. நான் என் திருவாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, 'சிங்கப்பூர்ல மச்சானுக்குப் புது ரேடியோ கெடச்சிருக்கும், பழசு எதுக்கு'ன்னு ஜோக் அடிச்சேன். சிரிப்பாங்கன்னு நினைச்சேன். ரெண்டு பேரும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அன்னைலேருந்து இந்தப் பொண்ண நேரா பாக்க முடியல."

"நானும் பெரிசா திறமில்லை. ஓடிப்போன ஆம்பிளையைத் தேடுறது வீண் வேலை பிள்ளை எண்டு அவவின்ர முகத்துக்கு நேரவே சொன்னனான்."

ஒரு பெண்ணுக்குப் புருஷனைத்தான் கண்டுபிடித்துக் கொடுக்க முடியவில்லை, ரேடியோவையாவது பாட வைத்துக் கொடுக்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது.

பிச்சைமுத்து பிளக்கைச் சொருகி கேசட்டைத் தட்டினான். பாட்டு வந்தது. போர்வைக்குள் இருந்து யாரோ பாடுவது மாதிரி வந்தது. வால்யூமைக் கடைசி வரைக்கும் திருகினான். பாடகர் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

"அடியாத்தி!" என்றான். "ஐயா, இது குறையுது!"

"குறையுது எண்டுதானே கொண்டு வந்தவ?"

"நீங்க வேற! முன்ன ரெண்டு வாட்டி வந்தப்ப இந்தக் கடையில இது குறையவே இல்ல. எதிர்ல சாப்பாட்டுக் கடை ஐயாவு கரண்டியோட ஓடி வந்து ஏசிட்டுப் போற அளவுக்குக் கத்துச்சு. முதல் வாட்டி சும்மா விடக் கூடாதேன்னு ஹெட்டைத் துடைச்சுக் குடுத்தேன். ரெண்டாவது வாட்டி வால்யூம் கட்டையைக் கழுவினேன். இங்க நல்லாப் பாடும். வீட்டுக்குப் போனா முனகுதும்பாங்க."

"கேசட்?"

"அதே கேசட்டுதான். வேற போட்டும் பாத்தேன்."

"வீட்டுக் கரண்ட்?"

"பக்கத்து வீட்டு டிவி நல்லாத்தான் அலறுது. நானே போயி பாத்தேன்."

அருளம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் மாடிக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"இஞ்ச பாரும் பிச்சை. கடையில உரத்துப் பாடுது. வீட்டில முனகுது. மெஷினிலயும் பிழையில்லை, கரண்டிலயும் பிழையில்லை. அப்ப கடைக்கும் வீட்டுக்கும் நடுவில என்ன இருக்கு?"

"நடுவுலயா? ஒரு ரோடு. ஒரு பிள்ளையார் கோயிலு. சீனன் வீட்டு நாய் ஒண்ணு, என்னைக் கண்டா ஆகாது."

"அந்த ரோட்டில இதை ஆர் தூக்கிக்கொண்டு வாறது?"

பிச்சைமுத்துவின் வாய் அடுத்த ஜோக்குக்காகத் திறந்தது. அப்படியே நின்றது. "ராமையா. ரெண்டு வாட்டியும் ராமையாதான் தூக்கிட்டு வந்தான்."

"இண்டைக்கு?"

"நவமணி."

"இண்டைக்குத்தான் நோயாளி நோயோட வந்திருக்கு. கழட்டும்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின் மூடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்த பிச்சைமுத்து நெற்றியைச் சுருக்கினான். "ஐயா, இந்த ஸ்க்ரூவ நான் முடுக்குனது இல்ல. எனக்கப்புறம் கை பட்டிருக்கு. அதுவும் ரெண்டு தினுசாக் கீறல் இருக்கு. ஒண்ணு நல்ல ஸ்க்ரூடிரைவர் வச்சுத் திருகினது. இன்னொண்ணு என்னமோ கத்தி முனைய வச்சு நோண்டின மாதிரி இருக்கு, பள்ளமே பிய்ஞ்சு போச்சு."

"ராமையா அவசரத்தில கத்தியை வைச்சும் திருகியிருப்பான். நீர் கழட்டும்."

ஸ்க்ரூ விஷயத்தில் உதவியாளன் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தால் இந்த அத்தியாயம் இரண்டு பக்கம் குறைந்திருக்கும். அருளம்பலம் வாங்கவில்லை.

மூடி வந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் முன்னால், வெளிச் சல்லடைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், துணி. நன்றாக மடித்து, வாயைப் பொத்தின மாதிரி அழுத்தி வைத்திருந்தது. பிச்சைமுத்து இழுத்தான். ஒரே துணிதான், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நீளமாக மடிக்கப்பட்டிருந்தது. விரித்தபோது வெள்ளை மல்லுத் துணி, கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகவில்லை. ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

"இம்புட்டுத்தானா?" என்றான் பிச்சைமுத்து. "தங்கச்சி பாட்டுப் போடுறது அண்ணன்காரனுக்குத் தலைவலி. நேரா சொல்ல தைரியம் இல்ல. துணிய அடைச்சிட்டான். கடைக்குக் கொண்டு வாரப்ப உருவிடுறது, வீட்டுக்குப் போனதும் அடைச்சிடுறது. ரெண்டு வாட்டி என்னைக் கேனையன் ஆக்கியிருக்கான் லா!"

"அடைக்கிறவன் எதால அடைப்பான்?"

"கையில கெடைக்கிறத வச்சு. கிழிஞ்ச பனியன், கரித்துணி, எதையாவது."

"லாரி ஓட்டுறவன். வீட்டில, லாரியில, எத்தினை எண்ணெய்த்துணி கிடக்கும்? அதை எல்லாம் விட்டுப்போட்டு, பசாருக்குப் போய், ஒருக்காலும் உடுத்தாத புது வெள்ளைத் துணியை வாங்கிக்கொண்டு வந்து, நாலா எட்டா அழகா மடிச்சு ஏன் வைக்கிறான்? இது சத்தத்தை அடைக்க வந்த துணி மட்டும் இல்லை காணும்."

பிச்சைமுத்து துணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். புதுத் துணியின் வாசனை வந்தது.

"உங்கட ஆக்களில ஒரு வழக்கம் கேட்கிறன்," என்றார் அருளம்பலம். குரல் தாழ்ந்துவிட்டது. "ஒரு பொம்பிளையின்ர புருஷன் செத்துப்போனால், கருமாதியில அவவுக்குப் புது வெள்ளைத் துணி ஆர் கொண்டு வந்து போடுறது?"

பிச்சைமுத்து சட்டென்று துணியை மேஜைமேல் வைத்துவிட்டான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பொறந்த வீட்டுக் கோடி," என்றான். "கூடப்பொறந்தவன்தான் போடணும்."

கடைக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. ஐயாவு யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார். கைக்கு வேறு வேலை தேடி பிச்சைமுத்து பிளக்கைத் திரும்பச் சொருகினான்; வாய் திறக்கப்பட்ட ரேடியோ விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது. இப்போது கடை அதிரும்படி பாடியது. அவன் அவசரமாகப் பிளக்கைப் பிடுங்கினான்.

"அப்ப பத்துமலை..."

"உயிரோட இல்லை. அது ராமையாவுக்குத் தெரியும். ஊரில வேற ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் ரெண்டு மாசமா சிங்கப்பூரில ஒருத்தியைத் தேடினம். வெட்கக்கேடு."

"ஐயா, பொறுங்க. கோடித் துணின்னா மஞ்சள் ஏது? நல்ல காரியத்துக்கு எடுக்கிற புதுத் துணிக்குத்தான் மூலையில மஞ்சள் வைப்போம். கோடிக்கு வைக்க மாட்டாங்களே."

"அதுதான் இடிக்குது," என்றார் அருளம்பலம், குடையை எடுத்துக்கொண்டு. "போய்க் கேட்பம்."

ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்குப் பின்னால் லாரிக் கொட்டாய். பிச்சைமுத்துவின் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அருளம்பலம் குடையை விரித்துக்கொண்டு வந்தார். வழக்கமாக இதற்கு மட்டும் பிச்சைமுத்து பத்து ஜோக் அடிப்பான். இன்று ஒன்றுகூட வரவில்லை. ரேடியோவை வயிற்றுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.

ராமையா லாரியின் நிழலில் குந்தியிருந்தான். வாட்டசாட்டமான ஆள், இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளத்திருந்தது, மழித்த மீசை அரைகுறையாக முளைத்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்னாண்ணே, இவ்ளோ தூரம்? மச்சானைப் பத்தித் தகவல் ஏதும்..."

கேள்வி பாதியில் நின்றது. அவன் கண் ரேடியோமேல் விழுந்துவிட்டது.

"நவமணியே தூக்கிட்டு வந்துச்சு," என்றான் பிச்சைமுத்து.

அருளம்பலம் லாரியின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கேசட் பிளேயர் இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டைதான் இருந்தது. ஒயர்கள் அறுந்து தொங்கின. யாரும் கழற்றியது மாதிரி தெரியவில்லை, பிடித்துப் பிடுங்கியது மாதிரி இருந்தது.

"லாரியிலயும் பாட்டு இல்லை. வீட்டிலயும் பாட்டு ஆகாது," என்றார். பிறகு தோள்பையிலிருந்து துணியை எடுத்தார். மடிப்புக் கலையாமல் மட்கார்டின் மேல் வைத்தார்.

ராமையா அதைப் பார்த்தான். அப்புறம் அந்த உயரமான ஆள் அப்படியே லாரிச் சக்கரத்தில் சாய்ந்து, வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க நடந்தது?" என்று கேட்டார் அருளம்பலம்.

"சுங்கை சிப்புட்டுல. மூணாங்கட்டைத் தோட்டம். நாங்க பொறந்த தோட்டம்தான் ஐயா. இப்ப நாங்க இருந்த லயத்து வீடெல்லாம் இடிச்சுட்டாங்க. ரப்பர் மரத்த வெட்டிச் சாய்க்கிறாங்க, கட்டை ஏத்தப் போனோம். மழை பேஞ்சு செம்மண்ணு எல்லாம் சேறு. மச்சான் இறங்கிப் பின்னால போயி நின்னுக்கிட்டு, கோஸ்தான், கோஸ்தான்னு கை காட்டுனாரு."

கோஸ்தான் என்றால் பின்னால் எடு. மலாயா முழுக்க லாரிக்காரனுக்கும் கிளிண்டானுக்கும் அதுதான் பாஷை.

"எடுத்தேன். பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. மச்சான்தான் வச்சாரு, அவருக்கு மெதுவா வச்சா பிடிக்காது. இறங்குறப்ப அவரு குறைக்கல. நானாவது குறைச்சிருக்கணும். கை எட்டுற தூரம்தான் ஐயா. இந்தா, இம்புட்டுத்தான்." காற்றில் கையை நீட்டி இல்லாத ஒரு குமிழைத் திருகிக் காட்டினான். "மண்ணு வழுக்கி விழுந்திருக்காரு. கத்தியிருக்காரு. லாரிப் பலகையத் தட்டியிருக்காரு, பலகையில சேத்துக் கை அச்சு இருந்துச்சு. எனக்குக் கேக்கல. பாட்டுத்தான் கேட்டுச்சு."

பிச்சைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போலீசுக்குப் பயந்தனீரோ?"

"போலீசு கெடக்கு ஐயா! தூக்குல போட்டாலும் போடட்டும். எங்க அப்பாவப் புதைச்ச இடத்துக்குப் பக்கத்துல அவரையும் படுக்க வச்சேன். வீட்டுக்குப் போயி காலுல விழுந்து சொல்லிடணும்னுதான் போனேன். சந்து முனையிலயே பாட்டு கேட்டுச்சு. வாசல்ல தலைக்குப் பூ வச்சுக்கிட்டு நின்னா. 'அவரு எங்கண்ணே'ன்னு கேட்டா. உன் தாலிய நான்தான் அறுத்தேன்னு எந்த வாயால சொல்றது? வாய் திறந்துச்சு, சிங்கப்பூர்னு வந்துருச்சு. ஒரு வார்த்தைதான். அப்புறம் அத முழுங்க முடியல. ஊரு அவருக்கு இன்னொருத்தி இருக்கான்னு பேசுச்சு. சோத்துல ஏறுன எறும்பக்கூட நசுக்காம ஒதுக்கி விடுற மனுசன் அவரு. அந்தப் பேச்சையும் கேட்டுக்கிட்டு நின்னேன்."

தான் அடித்த சிங்கப்பூர் ஜோக் பிச்சைமுத்துவின் நினைவுக்கு வந்தது.

"பதினாறாம் நாளு பசார்ல இந்தத் துணிய வாங்கினேன். அண்ணன்காரன் நான் ஒருத்தன்தானே இருக்கேன், கோடி போட்டாகணும். பொட்டும் பூவுமா பாட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறவ மேல எப்படிப் போடுறது? அந்த ரேடியோவத்தான் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறா. அதுக்குள்ள வச்சா அவ மேல போட்ட மாதிரின்னு என்னமோ கிறுக்குத்தனமா தோணுச்சு. சாவு வீட்டுல பாட்டுக் கேக்கக் கூடாது, அந்தச் சத்தமாச்சும் குறையட்டும்னும் இருந்துச்சு. சத்தத்தக் கேட்டா எனக்குப் பலகையில தட்டுறது கேக்குது ஐயா. அன்னைக்குக் கேக்காதது இப்பக் கேக்குது."

அருளம்பலம் குனிந்து அவன் தோளில் கை வைத்தார். போலீஸ் இலாகாவில் எத்தனையோ வாக்குமூலம் கேட்டிருக்கிறார். எழுதிக்கொள்ள வேண்டும் என்று தோன்றாத வாக்குமூலம் இது.

"ஒண்டு மட்டும் விளங்கேல்ல ராமையா. கோடியிலை மஞ்சளை ஏன் வைச்சனீர்?"

ராமையா தலையைத் தூக்கினான். "மஞ்சளா?"

"மூலையில வைச்சிருக்கிறீரே."

"கோடிக்கு யாராச்சும் மஞ்சள் வைப்பாங்களா ஐயா? நான் வைக்கல."

பிச்சைமுத்து துணியை விரித்து அந்த மூலையைக் காட்டினான். கட்டைவிரல் அகலத்துக்கு, பளிச்சென்று, அரைத்த மஞ்சள். ராமையா அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிச்சை," என்றார் அருளம்பலம் மெதுவாக. "ஸ்க்ரூ."

"ரெண்டு தினுசுக் கீறல்." பிச்சைமுத்து சட்டென்று லாரியின் டூல்பெட்டியை இழுத்துத் திறந்தான். சைஸ்வாரியாக ஸ்க்ரூடிரைவர்கள் இருந்தன. "இம்புட்டு வச்சிருக்கிற ஆளு கத்தி முனையத் தேட மாட்டான் ஐயா. அது அடுப்படிக் கத்தி. காய் வெட்டுறது."

"மூண்டாம் முறை, ராமையா, நீர் இல்லாத நேரமாப் பாத்து அவவே சுமந்துகொண்டு வந்தவ. நல்லாத் திறந்து பாருங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னவ. என்ன இருந்தாலும் அண்ணனிட்டயே சொல்லுங்கோ எண்டவ." அருளம்பலம் நெற்றியில் அறைந்துகொண்டார். "நான் ஒரு மடையன். அவ எங்களிட்ட ரேடியோவைத் திருத்தித் தரச் சொல்லேல்ல."

ராமையா எழுந்திருக்க முயன்றான். பிச்சைமுத்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"தெரிஞ்சுமா தெனமும் பாட்டு வச்சா?" என்றான் ராமையா. "தெரிஞ்சுக்கிட்டேவா எனக்குச் சோறு போட்டா?"

"போலீசுக்குப் போகத்தான் வேணும்," என்றார் அருளம்பலம். "அதுக்கு முதல் வீட்டுக்குப் போவம்."

சந்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நவமணி வாசல் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். பின்னால் நின்ற இரண்டு பேரைப் பார்த்தாள். ராமையாவின் கையில் இருந்த துணியைப் பார்த்ததும் அரிசிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சாப்டியாண்ணே?" என்றாள்.

ராமையா தலையை ஆட்டினான். வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது.

"மச்சான்..." என்றான். அப்புறம் என்னவோ சொன்னான், பக்கத்தில் நின்ற பிச்சைமுத்துவுக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுண்ணே," என்றாள் நவமணி. "எனக்குக் கேக்கல."

"மச்சான் செத்துப் போயிட்டாரும்மா. என் லாரியில அடிபட்டு. நான்தான் ஏத்துனேன். அவரு கத்துனது எனக்குக் கேக்கல."

சந்தில் விளையாட்டு நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது. நவமணி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆனால் குரல் உடையவில்லை.

"சத்தம் குறைஞ்சு போச்சேன்னு நானே நோண்டிப் பாத்தேன். துணியப் பாத்தேன். நீ மீசைய எடுத்தப்ப வேண்டுதல்னு சொன்னியே, அதுவும் ஞாபகம் வந்துருச்சு. அன்னைக்குப் பூராவும் அடுப்படியில கெடந்தேன். உன்கிட்டக் கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. நீயா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் அது கோடி இல்லைன்னு மஞ்சள அரைச்சு வச்சேன். வச்ச எடத்துலயே வச்சுட்டேன்."

"நவமணி..."

"செத்தவரு வீட்டுல தெனமும் பாட்டுப் போட்ட பாவி நான். நீ தாங்க மாட்டாம சொல்லிடுவேன்னு, தெரிஞ்சேதான் போட்டேன். அவருக்கு ஒரு விளக்குக்கூட வைக்கல." இப்போது குரல் உடைந்தது. "எங்கண்ணே வச்சிருக்க அவர?"

"அப்பா பக்கத்துல."

அவள் தலையை ஆட்டினாள். அது போதும் என்பது மாதிரி ஆட்டினாள். பிறகு கையை நீட்டி அவனிடமிருந்து துணியை வாங்கினாள். குழாயைத் திறந்து, மஞ்சள் மூலையைத் தண்ணீரில் பிடித்துக் கசக்கினாள். சிமெண்டுத் தரையில் மஞ்சளாகத் தண்ணீர் ஓடியது. ராமையா துணி துவைக்கும் சோப்பை எடுத்துக்கொண்டு தங்கை பக்கத்தில் போய்க் குந்தினான். இரண்டு பேரும் ஒரு துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தேய்த்தார்கள். மஞ்சள் வெளிறியது. போகவில்லை. அவன் மறுபடி சோப்புப் போட்டான். விரல் சிவக்கத் தேய்த்தான்.

பிச்சைமுத்து இன்னும் ரேடியோவை இடுக்கிக்கொண்டே நின்றான். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது, அதற்கு இது நேரமில்லை என்றும் தெரிந்தது. ஓசைப்படாமல் உள்ளே போய், அவள் தலைமாட்டில் வைத்து, பிளக்கைச் சொருகாமல் திரும்பி வந்தான். அருளம்பலம் வாசலுக்கு முதுகைக் காட்டி, குடையை ஊன்றிக்கொண்டு, சந்தில் கூட ஆரம்பித்த சனங்களை ஒரு பார்வையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

குழாயடியில் நவமணி அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுண்ணே. போகாது," என்றாள். தலையிலிருந்த பூவை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அவன் முன்னால் தலை குனிந்தாள். "அப்படியே போடு."